பெட்-சிடி: இரண்டு ஸ்கேன், மூன்று பயணம், ஒரு தவறான ரிப்போர்ட்

"ஒரு பெட் ஸ்கேன் எடுத்துட்டு வந்துடுங்க, அப்புறம் பேசலாம்" என்று டாக்டர் சொல்லி, ஒரு சீட்டையும் கையில் கொடுத்து அனுப்பிய வீடுகளுக்காக இதை எழுதுகிறேன். எங்களுக்கு அந்தச் சீட்டு கிடைத்த அன்று, அது என்ன ஸ்கேன், ஏன் இவ்வளவு விலை, சாதாரண சிடி ஸ்கேன் போதாதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள அக்கம்பக்கத்தில் ஒருவரும் இல்லை. போய் வந்து பட்டுத் தெரிந்துகொண்டதை, நாங்கள் பணம் கட்டிய இடத்தைப் பற்றிய என் கருத்தோடு சேர்த்துச் சொல்கிறேன்.

அப்பாவுக்கு வயது 66. கும்பகோணம் பக்கம் எங்கள் ஊர். கழுத்தில் நெறி கட்டியது போல ஒரு வீக்கம், இரண்டு மாதமாகியும் கரையவில்லை. ராத்திரியில் பனியன் நனைகிற அளவுக்கு வியர்த்தது, எடை குறைந்து வேட்டி இடுப்பில் நிற்காமல் போனது. சதை எடுத்துப் பார்க்கும் பயாப்சியில் லிம்போமா, அதாவது நிணநீர் மண்டலத்தில் வரும் புற்றுநோய் என்று வந்தது, அதிலும் டிஃப்யூஸ் லார்ஜ் பி-செல் என்ற வகை. வேகமாக வளரும், ஆனால் மருந்துக்குக் கேட்கும் என்றார்கள். உடம்பில் எங்கெங்கே பரவியிருக்கிறது என்று பார்க்கத்தான் பெட்-சிடி. திருச்சியில் ஒரு தனியார் சென்டரில் எடுத்தோம். பெயரைச் சொல்லப்போவதில்லை, அங்கே நடந்த தவறு எந்த ஊரில் எந்த சென்டரிலும் நடக்கக்கூடியது, அதனால் தவறைத் தெரிந்துகொள்வதுதான் முக்கியம்.

முதலில் இந்த மெஷின் என்ன செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன், இது புரிந்தால்தான் பின்னால் சொல்வது புரியும். ராத்திரியில் மலைக்கோட்டை மேலேயிருந்து திருச்சியைப் பார்த்தால் எங்கெங்கே விளக்கு எரிகிறது என்று தெரியும், ஆனால் அது எந்தத் தெரு, எந்த வீடு என்று சொல்ல முடியாது. பெட் ஸ்கேன் அப்படித்தான். சிடி ஸ்கேன் என்பது ஊரின் தெருப்படம். எல்லா வீடும் அளவோடு தெரியும், ஆனால் எந்த வீட்டில் ஆள் இருக்கிறார்கள் என்று தெரியாது. இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்தால், இந்தத் தெருவில் இந்த வீட்டில் விளக்கு எரிகிறது என்று சொல்லிவிடலாம்.

அந்த விளக்கை ஏற்றுவது ஒரு சர்க்கரை. எஃப்.டி.ஜி. என்று சொல்கிறார்கள், குளுக்கோஸில் ஃப்ளூரின்-18 என்ற கதிரியக்க அணுவைக் கோத்த மருந்து. புற்றுநோய் செல்கள் பெரும்பாலும் பசி பிடித்தவை, மற்ற செல்களைவிட அதிகமாகச் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். இழுத்துக்கொண்ட இடத்திலிருந்து அந்த அணு வெளியிடும் பாசிட்ரான் என்ற நுண்துகள் பக்கத்திலிருக்கும் எலெக்ட்ரானோடு மோதி அழிய, இரண்டு கதிர்கள் நேரெதிர்த் திசையில் கிளம்பும், சுற்றிலும் வளையமாக இருக்கும் கருவி அந்த ஜோடியைப் பிடித்து எங்கிருந்து வந்தது என்று கணக்குப் போடும். சரி, உடம்பின் ஆழத்திலிருந்து வரும் கதிர் வழியிலேயே கொஞ்சம் உறிஞ்சப்படுமே, அதை எப்படிச் சரிக்கட்டுவது? இங்கேதான் சிடி இன்னொரு வேலையும் செய்கிறது. எலும்பு எங்கே, தசை எங்கே, காற்று எங்கே என்று சிடி சொல்வதை வைத்து பெட் படத்தைத் திருத்துகிறார்கள். முன்பெல்லாம் இதற்காகவே ஒரு கதிரியக்கக் கம்பியை உடம்பைச் சுற்றிச் சுழலவிட்டு நெடுநேரம் காக்க வேண்டுமாம், சிடி வந்த பிறகு அது நொடிக் கணக்கில் முடிகிறது.

இரண்டு மெஷினையும் ஒரே கட்டிலில் கோத்தவர்கள் டேவிட் டவுன்செண்டும் ரான் நட்டும். அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் 1998-ல் முதல் மாதிரி வேலை செய்யத் தொடங்கியது, 2000-ல் டைம் பத்திரிகை அதை அந்த வருடத்தின் மருத்துவக் கண்டுபிடிப்பு என்று எழுதியது. அதற்கு முன்னால் டாக்டர்கள் இரண்டு ஃபிலிமையும் வெளிச்சப் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி, மனதுக்குள்ளேயே பொருத்திப் பார்த்துத்தான் முடிவு சொல்லியிருக்கிறார்கள். வேறு வேறு நாளில், வேறு வேறு படுக்கையில், வயிறு ஒருநாள் நிறைந்தும் ஒருநாள் காலியாகவும் எடுத்த படங்களை அப்படிப் பொருத்துவது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள்.

இனி எங்கள் கதை.

முதல் பயணம் வீணானது. அப்பாவுக்குப் பதினெட்டு வருடமாகச் சுகர். சென்டரிலிருந்து போனில் சொன்னது இவ்வளவுதான்: "மெட்ஃபார்மின் மாத்திரையை ரெண்டு நாள் முன்னாடியே நிறுத்திடுங்க, ஆறு மணி நேரம் வெறும் வயிறு, தண்ணி மட்டும் குடிக்கலாம்." நாங்களும் நிறுத்தினோம். விடியற்காலை நாலரைக்குக் கார் எடுத்து, ஏழே கால் மணிக்குப் போய் உட்கார்ந்து, விரலில் குத்திப் பார்த்தால் 261. இருநூறுக்கு மேல் இருந்தால் எடுக்க முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

திருப்பி அனுப்பியது சரிதான், அதில் எனக்கு வருத்தமில்லை. ரத்தத்தில் ஏற்கெனவே சர்க்கரை நிறைந்திருந்தால் செல்கள் அதையே இழுத்துக்கொள்ளும், ஊசியில் போட்ட சர்க்கரைக்கு இடமிருக்காது, நோய் இருந்தும் மங்கலாகத் தெரியும். அவசரத்துக்கு இன்சுலின் போட்டால் சர்க்கரை முழுக்கத் தசைக்குள் போய், படத்தில் கையும் காலும் பளிச்சென்று தெரியும். மெட்ஃபார்மினை நிறுத்தச் சொன்னதிலும் காரணம் இருக்கிறது, அந்த மாத்திரை இருந்தால் குடல் முழுக்க ஒளிரும், அப்பாவுக்கு வயிற்றுக்குள் குடலை ஒட்டித்தான் சந்தேகம். ஆனால் பதினெட்டு வருடச் சுகர்காரரிடம் மாத்திரையை நிறுத்தச் சொல்லும்போது, "உங்க சுகர் டாக்டரைக் கேட்டு அதுக்குப் பதிலா என்ன செய்யணும்னு தெரிஞ்சுக்கோங்க" என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வார்த்தை இல்லாததால் நான்கு நாள் தள்ளிப்போனது. வேகமாக வளரும் நோய் என்று தெரிந்த பிறகு நான்கு நாள் என்பது வீட்டில் யாருக்கும் தூக்கமில்லாத நான்கு நாள். சுகர் டாக்டரிடம் போனோம், அவர் இரண்டு நாளுக்கு வேறு மருந்தும் சாப்பாட்டு முறையும் எழுதிக் கொடுத்தார். அடுத்த முறை 142.

அன்று வேறொரு சிக்கல். காலை எட்டரைக்கு ஊசி என்று சொல்லியிருந்தார்கள், போட்டது பன்னிரண்டு மணிக்கு. காரணம் யாரும் சொல்லவில்லை. பதினோரு மணிக்கு நான் போய் விடாமல் கேட்டபோதுதான் ரிசப்ஷனில் இருந்த பெண், "மருந்து வண்டி இன்னும் வரல சார்" என்றார். இந்த மருந்தை வாங்கி அலமாரியில் வைத்துக்கொள்ள முடியாது. சைக்ளோட்ரான் என்ற பெரிய மெஷினில் தயாரித்து, உடனே அனுப்ப வேண்டும். 110 நிமிடத்துக்கு ஒரு முறை அதன் வீரியம் பாதியாகிறது. ஐந்தரை மணி நேரப் பயணம் என்றால் கிளம்பும்போது இருந்ததில் எட்டில் ஒரு பங்குதான் கைக்கு வந்து சேரும், அதைக் கணக்குப் போட்டு அதிகமாகவே ஏற்றி அனுப்புகிறார்கள். சைக்ளோட்ரான் இல்லாத ஊர்களில் வரிசை முழுக்க அந்த வண்டியை நம்பித்தான் இருக்கிறது, வழியில் டயர் பஞ்சரானாலும் பத்துப் பேர் பட்டினி. இதெல்லாம் அவர்கள் கையில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். முதல் நாள் ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்ட வயதான சுகர் நோயாளிகள் நாற்காலியில் சாய்ந்து கிடக்கும்போது, வண்டி தாமதம், இன்னும் இவ்வளவு நேரமாகும் என்று எழுந்து வந்து சொல்வது அவர்கள் கையில் இருக்கிறது. நடுவில் ஒருமுறை சுகர் பார்க்கச் சொல்லி நானே கேட்க வேண்டியிருந்தது. 118 இருந்தது, நல்லவேளை.

ஊசி போட்ட நர்ஸைப் பற்றி நல்லதாகத்தான் சொல்ல வேண்டும். கையில் ஈயக் கவசம் போட்ட சிரிஞ்சோடு வந்தார், அது கனமாக, கொத்தனார் கையிலிருக்கும் தூக்குக்குண்டு மாதிரி இருந்தது. வென்ஃப்ளான் என்ற ஊசிக்குழாயைப் போட்டு, முதலில் சலைன் விட்டு நரம்பு சரியாக இருக்கிறதா என்று பார்த்து, பிறகுதான் மருந்தை ஏற்றினார். கழுத்துக் கட்டி இடது பக்கம், அதனால் வலது கையில். மருந்து தோலுக்கடியில் கசிந்துவிட்டால் கையே ஒரு பெரிய விளக்காகத் தெரியும், அக்குளில் நெறிகட்டியும் பொய்யாக ஒளிரும் என்று அவரே விளக்கினார்.

அதன் பிறகு ஒரு மணி நேரம் தனி அறையில் ஓய்வு. கூட ஆள் இருக்கக் கூடாது. போன் கூடாது. அப்பா யாரைப் பார்த்தாலும் எந்த ஊர், என்ன பயிர் என்று பேச்சுக் கொடுப்பவர், உள்ளே போன ஐந்தாவது நிமிடமே திரைக்கு அந்தப் பக்கம் படுத்திருந்த மணப்பாறைக்காரரிடம் ஆரம்பித்துவிட்டார். நர்ஸ் வந்து, "ஐயா, பேசினீங்கன்னா தொண்டைத் தசை அந்தச் சர்க்கரையை இழுத்துக்கும், உங்களுக்குக் கழுத்துலதான் பிரச்சினை, படத்துல எது நோய் எது பேச்சுன்னு தெரியாமப் போயிடும்" என்று சொன்னதும்தான் நிறுத்தினாராம். இவ்வளவு தெளிவாகக் காரணம் சொல்லி நோயாளியிடம் பேசுகிறவரைப் பார்ப்பது அபூர்வம். போர்வையும் கொடுத்தார்கள். அதுவும் சும்மா இல்லை, குளிரில் நடுங்கினால் தசையும், பழுப்புக் கொழுப்பு என்று கழுத்தோரம் இருக்கும் ஒருவகைக் கொழுப்பும் சர்க்கரையை இழுக்கும்.

ஸ்கேன் அறைக்குள் நடந்ததை நான் பார்க்கவில்லை, அப்பா சொன்னதுதான். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும். இருபது நிமிடத்துக்கு மேல். அவருக்குத் தோள்பட்டை இறுக்கம் உண்டு, கடைசி ஐந்து நிமிடம் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்திருக்கிறார். முதலில் சிடி, அது ஒரு நிமிடம்கூட இல்லை. பிறகு பெட், கட்டில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து ஒவ்வொரு இடத்திலும் இரண்டு மூன்று நிமிடம் நின்று எடுக்கும். "சிடி எடுக்கும்போது மூச்சை நல்லா இழுத்துப் பிடிச்சுக்கச் சொன்னாங்கப்பா, அப்புறம் சாதாரணமா விட்டுக்கச் சொல்லிட்டாங்க" என்று காரில் வரும்போது சொன்னார். அதை நான் காதில் வாங்கினேன், ஆனால் அப்போது அதற்கு அர்த்தம் தெரியவில்லை.

இரண்டாம் நாள் ரிப்போர்ட் வந்தது. கழுத்தில், வயிற்றில் நிணநீர்க் கட்டிகள், மண்ணீரலில் ஒரு பகுதி, இது எல்லாம் எதிர்பார்த்தது. கூடவே ஒரு வரி: இடது நுரையீரலின் அடிப்பகுதியில் மருந்தை ஏற்கும் ஒரு புள்ளி, நுரையீரலுக்கும் பரவியிருக்கலாம், நான்காம் நிலை. தங்கைதான் அதை முதலில் படித்தாள். அவள் அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. அம்மா அன்று அடுப்படியை விட்டு வெளியே வரவே இல்லை.

மறுநாள் கேன்சர் டாக்டரிடம் போனோம். அந்த மேடம் ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு, அதை ஓரமாக வைத்து, டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் போட்டார். பெட் படத்தை மட்டும் தனியாக, சிடியை மட்டும் தனியாக, பிறகு இரண்டையும் சேர்த்து, மேலும் கீழுமாக நகர்த்திக்கொண்டே இருந்தார். பெட்டில் புள்ளி பளிச்சென்று இருந்தது. சிடியில் அதே இடத்தில் வெறும் நுரையீரல், கட்டியும் இல்லை, ஒன்றும் இல்லை. அப்பா பக்கம் திரும்பி, "சிடி எடுக்கும்போது மூச்சைப் பிடிச்சீங்களா?" என்று கேட்டார். எனக்கு அந்தக் கேள்வி இன்னும் காதில் இருக்கிறது.

விஷயம் இதுதான். மூச்சை இழுத்துப் பிடித்தால், நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் உதரவிதானம் என்ற தசை கீழே இறங்கும், அதன் அடியில் இருக்கும் கல்லீரலும் மண்ணீரலும் சேர்ந்து இறங்கும். சிடி அந்த நொடியைப் படம் பிடிக்கிறது. பெட் நிமிடக் கணக்கில் எடுப்பது, அதில் பதிவது சாதாரணமாக மூச்சு விடும்போது உறுப்புகள் இருக்கும் சராசரி இடம், அதாவது கொஞ்சம் மேலே. இரண்டையும் பொருத்தினால் மண்ணீரலின் மேல்நுனியில் இருந்த புள்ளி, சிடி படத்தில் நுரையீரல் இருக்கும் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அதோடு, அந்த இடம் காற்று என்று கம்ப்யூட்டர் நம்புவதால் அளவையும் தப்பாகத் திருத்துகிறது. அதனால்தான் பெட்-சிடிக்கு மூச்சை ஆழமாக இழுத்துப் பிடிக்கச் சொல்லாமல், மெதுவாக, சாதாரணமாக விடச் சொல்வது நல்லது. நெஞ்சு சிடி மட்டும் எடுக்கும் பழக்கத்தில் டெக்னீஷியன் சொல்லிவிட்டார் போலிருக்கிறது.

மேடம், ரிப்போர்ட் எழுதிய சென்டரின் நியூக்ளியர் மெடிசின் டாக்டருக்கு எங்கள் எதிரிலேயே போன் செய்தார். அவர் தட்டிக் கழிக்கவில்லை, சிடியை வைத்துத் திருத்தப்படாத மூலப் படத்தையும் எடுத்துப் பார்த்து, இரண்டு நாளில் இணைப்பு ரிப்போர்ட் அனுப்பினார்: அது மண்ணீரலில் உள்ளது, நுரையீரலில் இல்லை, மூன்றாம் நிலை. அப்பாவுக்குக் கொடுக்கப்போகும் கீமோ எப்படியும் அதேதான், ஆறு சுற்று, 21 நாளுக்கு ஒன்று, மருந்து மாறவில்லை. ஆனால் அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு எங்கள் வீடு மூன்று நாள் இருந்த நிலையை நான் மறக்க முடியாது. நுரையீரலில் ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்க்கலாம் என்றுகூட யாராவது சொல்லியிருக்கலாம். ஒரு படம் மட்டும் இருந்திருந்தால் இந்தத் தவறு வந்திருக்காது, இரண்டைச் சேர்த்ததால் வந்தது. தவறைக் கண்டுபிடித்ததும் இரண்டும் இருந்ததால்தான், பெட்டில் இருப்பது சிடியில் இல்லையே என்ற கேள்விதான் உண்மையைக் கொண்டுவந்தது.

பணத்தைப் பற்றி. எங்களிடம் 18,500 ரூபாய் வாங்கினார்கள். இதில் எங்களுக்குத் தெரியாமல் போன ஒன்று, பெட்-சிடியில் வரும் சிடி எல்லா நேரமும் முழுத் தரமான சிடி கிடையாது. கதிர்வீச்சைக் குறைத்து, உறுப்புகள் தெளிவாகத் தெரியப் போடும் கான்ட்ராஸ்ட் ஊசி இல்லாமல், இடம் தெரிவதற்கும் திருத்துவதற்கும் மட்டும் எடுப்பது ஒன்று. நோயைக் கூர்ந்து பார்க்கும் அளவுக்குக் கான்ட்ராஸ்டோடு எடுப்பது இன்னொன்று. எங்களுக்கு எடுத்தது முதல் வகை. வயிற்றுக் கட்டி சிறுநீர்க்குழாயை அழுத்துகிறதா என்று பார்க்க மேடத்துக்கு இரண்டாவது வகை தேவைப்பட்டது, அதனால் திரும்பவும் ஒரு சிடி, திரும்பவும் 6,000 ரூபாய், திரும்பவும் கதிர்வீச்சு. முதலிலேயே கேட்டிருந்தால் கொஞ்சம் கூடக் கட்டி ஒரே படுக்கையில் முடித்திருக்கலாம், கிரியேட்டினின் என்ற ரத்தப் பரிசோதனையைப் பார்த்து சிறுநீரகம் தாங்கும் என்றால் மட்டும். சீட்டு எழுதும் டாக்டரிடமே "சிடி கான்ட்ராஸ்டோட வேணுமா, வேண்டாமா?" என்று கேட்டு அதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கதிர்வீச்சைப் பற்றியும் எல்லோரும் கேட்கிறார்கள். அதை அளக்கும் அலகு மில்லிசீவர்ட். ஊசி மருந்தால் மட்டும் ஏறக்குறைய 7 மில்லிசீவர்ட், சிடியை எந்தத் தரத்தில் எடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்து மொத்தம் 25 வரைக்கும்கூடப் போகலாம். இயற்கையாகவே பூமியிலும் வானத்திலுமிருந்து உலக சராசரியில் வருடத்துக்கு 2.4 நமக்குக் கிடைக்கிறது. புற்றுநோய் உறுதியான ஒருவருக்கு இந்த ஸ்கேனால் கிடைக்கும் பதில் அந்த அளவுக்கு மதிப்புள்ளது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று முழு உடம்புப் பரிசோதனை பேக்கேஜில் சேர்த்து எடுப்பது மட்டும் வேண்டாம். எடுத்த அன்று நிறையத் தண்ணீர் குடித்து அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டும், அப்படியே மருந்து வெளியேறும். தங்கை கர்ப்பமாக இருந்ததால் அன்று ராத்திரி அவளைப் பெரியம்மா வீட்டில் விட்டோம். பதினெட்டு மணி நேரத்தில் வீரியம் ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும், மறுநாள் மதியம் வந்துவிட்டாள். இதைச் சென்டரில் நாங்கள் கேட்காமலேயே சொன்னார்கள், தாளிலும் எழுதிக் கொடுத்தார்கள்.

ஆறு சுற்றுக் கீமோ முடிந்து ஏழு வாரம் கழித்து இரண்டாவது ஸ்கேன். உடனே எடுக்கவில்லை, கீமோ சூட்டில் எடுத்தால் வீக்கமும் ஒளிரும் என்று காத்திருக்கச் சொன்னார்கள். வெள்ளணு ஏறுவதற்குப் போடும் ஊசியும் எலும்பு மஜ்ஜை முழுவதையும் பளிச்சென்று காட்டிவிடுமாம், அதற்கும் சேர்த்துத்தான் இந்த இடைவெளி. இந்த முறை மாத்திரையைச் சரியாக மாற்றியிருந்தோம், கான்ட்ராஸ்ட் வேண்டும் என்று எழுதி வாங்கியிருந்தோம், டெக்னீஷியனிடம் நானே கையெடுத்துக் கும்பிட்டு, போன தடவை மூச்சால் வந்த குழப்பத்தைச் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, சாதாரணமாக மூச்சு விடச் சொல்லித்தான் எடுத்தார். பழைய டிஸ்க்கைக் கொடுத்து அதோடு ஒப்பிட்டு எழுதச் சொன்னோம். இது ரொம்ப முக்கியம். ஒப்பிடாமல் எழுதும் ரிப்போர்ட்டால் பாதிப் பயன்தான்.

இரண்டும் சேர்ந்த மெஷினின் அருமை அன்றுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது. முதல் ஸ்கேனில் வயிற்றுக்குள் 9 சென்டிமீட்டர் இருந்த கட்டி, இப்போது சிடியில் 3.6 சென்டிமீட்டர். சுருங்கியிருக்கிறது, ஆனால் போகவில்லை. சிடி மட்டும் கையில் இருந்தால் எந்த டாக்டரும் என்ன சொல்வார்? இன்னும் நோய் மிச்சமிருக்கிறதா, இல்லை எரிந்து முடிந்த தழும்பா என்று அதைப் பார்த்துச் சொல்லவே முடியாது. லிம்போமாவில் செத்துப்போன கட்டி நாராகச் சுருங்கி மாதக் கணக்கில் அங்கேயே கிடப்பது சகஜம். மேடம் சிடியின்மேல் பெட் படத்தை ஏற்றினார். முதல் முறை அந்த இடம் மஞ்சளும் வெள்ளையுமாக எரிந்தது, இப்போது சுற்றிலும் இருப்பதைவிடக் கொஞ்சமே கூடுதலாக ஒரு மங்கல். டோவில் என்று ஒரு மதிப்பெண் முறை இருக்கிறது, ஒன்றிலிருந்து ஐந்து வரை. நெஞ்சின் நடுவில் ஓடும் ரத்தத்தோடும் கல்லீரலோடும் ஒப்பிட்டுப் போடுவது. அந்த ரத்தத்தைவிட மங்கலாகவோ சமமாகவோ இருந்தால் 2, கல்லீரலைத் தாண்டினால்தான் 4, 5 என்று கவலை. அப்பாவுக்கு 2. "கட்டி இருக்கு, உயிர் இல்ல" என்றார் மேடம். இந்த ஒரு பதிலுக்காக எவ்வளவு வேண்டுமானாலும் கொடுத்திருப்போம்.

ஆனால் எல்லா நோய்க்கும் இது இப்படிப் பதில் சொல்லும் என்று நினைத்துவிடாதீர்கள். லிம்போமா சர்க்கரையை அள்ளிக் குடிக்கும் வகை, அதனால் எங்களுக்குப் பலித்தது. புராஸ்டேட் புற்றுநோய் பெரும்பாலும் இந்தச் சர்க்கரையைச் சீந்தாது, அதற்கு பி.எஸ்.எம்.ஏ. என்ற வேறு மருந்தைப் போட்டு எடுக்கிறார்கள். மூளை எப்போதும் சர்க்கரையைக் குடித்துக்கொண்டே இருப்பதால் அங்கே சின்னக் கட்டி வெளிச்சத்துக்குள் மறைந்துபோகும், மூளைக்கு எம்ஆர்ஐதான். சில மில்லிமீட்டர் அளவே உள்ள புள்ளிகள் பெட்டில் தெரியாமல் போகலாம். நம் ஊரில் இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும், காசநோய். டிபி கட்டியும் புற்றுநோய் மாதிரியே ஜொலிக்கும். அன்று காத்திருக்கும் இடத்தில் பழக்கமான ஒருவருக்கு நெஞ்சில் ஒளிர்ந்த நெறிகட்டியை ஊசி போட்டு எடுத்துப் பார்த்ததில் டிபி என்று வந்து, ஆறு மாத மாத்திரையோடு முடிந்தது என்று பிறகு போனில் சொன்னார். ஒளிர்ந்தால் அந்த இடம் சர்க்கரையை அதிகமாக இழுக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம், சந்தேகம் இருந்தால் என்ன நோய் என்பதைச் சதை எடுத்துப் பார்த்துத்தான் உறுதி செய்ய முடியும். பல்லில் உலோக மூடி, இடுப்பில் வைத்த செயற்கை மூட்டு இருப்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். உலோகத்தைப் பார்த்து சிடி குழம்பும், அந்தக் குழப்பத்தை வைத்துப் பெட்டைத் திருத்தினால் அந்த இடம் இல்லாத நோயாக ஒளிரும்.

பெட்டோடு எம்ஆர்ஐயைச் சேர்த்த மெஷினும் இருக்கிறது, அது நல்லதாமே என்று என் மாமா கேட்டார். அதைச் சேர்ப்பது இன்னும் கடினமாக இருந்திருக்கிறது, பெட்டின் பழைய ஒளிக்குழாய்கள் காந்தத்துக்குப் பக்கத்தில் வேலையே செய்யாது, கருவியையே மாற்றி அமைக்க வேண்டியிருந்தது. 2011-ல்தான் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. சிடியின் கதிர்வீச்சு இல்லை, அடிவயிறும் மூளையும் தெளிவாகத் தெரியும், சின்னப் பிள்ளைகளுக்கு நல்லது. ஆனால் நேரம் அதிகம், செலவு அதிகம், நுரையீரலில் சிடி அளவுக்குக் கூர்மை இல்லை. தோள்பட்டை வலியோடு இருக்கும் அப்பாவை அதற்குள் ஒரு மணி நேரம் படுக்க வைக்க எங்களுக்கு ஒரு காரணமும் இல்லை.

சென்டரைப் பற்றி என் முடிவு: நர்ஸ், டாக்டர் இரண்டு பேருக்கும் முழு மதிப்பெண். தவறு என்று தெரிந்ததும் திருத்தி எழுதிக் கொடுத்த அந்த டாக்டரின் நேர்மைக்காகவே இரண்டாவது முறையும் அங்கேயே போனேன். போனில் பேசுகிறவர்களுக்கும் ரிசப்ஷனுக்கும் என்னால் பாதிகூடக் கொடுக்க முடியாது. சுகர் நோயாளிகளுக்குத் தனியாக ஒரு தாள் அச்சடித்துக் கொடுங்கள், வண்டி தாமதமானால் வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே போன் செய்யுங்கள் என்று இரண்டு முறையும் கருத்துப் புத்தகத்தில் எழுதிவிட்டு வந்தேன். இரண்டாவது முறை காலை ஐந்து மணிக்குப் போன் வந்தது, "வண்டி ஒரு மணி நேரம் லேட்டு, மெதுவா வாங்க" என்று. அப்பா அந்த ஒரு மணி நேரமும் தூங்கினார்.

இனிமேல் அறிகுறி ஏதாவது தெரிந்தால் மட்டும் பெட் எடுத்தால் போதும், வருடா வருடம் எடுக்க வேண்டியதில்லை என்று மேடம் சொல்லியிருக்கிறார். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரத்தப் பரிசோதனையும், கழுத்தையும் வயிற்றையும் கையால் தொட்டுப் பார்ப்பதும் நடக்கிறது. இரண்டு டிஸ்க்கையும், மூலப் படங்களோடு, பீரோவில் அப்பாவின் பத்திரங்கள் இருக்கும் தட்டில் வைத்திருக்கிறோம்.